பக்கம் அறுபத்து நான்கு

"முந்நூறு கிராம்தான். பன்னெண்டு ரூபா குடு.
அட்டையே இல்லியே, இன்னா பண்ணப் போற இத்த?"
லாங் பஜார், அத்தாவுல்லா கடை.
பையனின் பழைய கைடுகளை எடைக்குப் போட வந்தவள்
தராசு ஓயும் வரை சும்மா புரட்டியது.
முதுகில் பசை காய்ந்து
மீன் செதிலாய் உதிர்கிறது.
எழுபத்தொன்றாம் பக்கத்தில் ஒருவன் கத்துகிறான்:
கதவைத் திறக்காதே கமலவேணி,
வெளியே காற்று என்று ஒன்று கிடையாது!

இந்தக் குரல் எனக்குத் தெரியும்.
நாற்பது வருஷமாகத் தெரியும்.

குடியாத்தம் கிளை நூலகத்தில்
நீலக் காலிகோ போட்ட ஒரு புத்தகம்,
'குட்டைக்குள் குடியிருப்போர்'.
நீர்மேல் ஓடும் பூச்சியின் காலடியில்
தண்ணீர் தோல்போல் குழிவதை
முதலில் பார்த்தது அதில்தான்,
கவுண்டன்யா ஆற்றில் அப்புறம்தான்.
நத்தை, அட்டை, தட்டானின் குஞ்சு,
பிறகு தலைப்பிரட்டை.
அறுபத்து நான்காம் பக்கத்தின் கடைசி வரி:
முன்கால்களும் முளைத்து, வால் சுருங்கியபின், அது முதன்முறையாக

புரட்டினால் அறுபத்தைந்து:
கப்பலை விட்டு இறங்கியது. வியாழனின் ஏழாம் நிலாவில் ஈரமே இல்லை.

ஒன்பது வயதில் இதில் என்ன சந்தேகம் வரும்?
வாலை விட்டவர்கள் போகிறார்கள். அவ்வளவுதான்.
ஹார்லிக்ஸ் பாட்டிலில் பதினோரு பிரட்டைகளை வளர்த்து
மூடியைத் திறந்தே வைத்திருந்தேன்,
புறப்படத் தோதாக.
ஒருநாள் காலையில் பாட்டில் காலி.
வேறெங்கே போயிருக்கும்?
ஆறாம் வகுப்பு அரைப்பரீட்சையில் எழுதினேன்,
தவளையின் வாழ்க்கைப் பருவங்கள்:
முட்டை, தலைப்பிரட்டை, தவளை, வியாழன்.
கிரேஸ் எமிலி டீச்சர் நாலுக்கு மூணு போட்டு
கடைசிச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்தார்.
பார்க்கக் கோள் மாதிரியே இருந்தது.

காட்பாடி பார்சல் ஆபீஸில் இரவு ஷிப்ட்.
திருப்பதி பாசஞ்சர் போனபிறகு
ஆம்பூர் செருப்புப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து
கமலவேணியை முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.
எழுதியவர் வே. நாகபூஷணம்,
இதே ஊர்த் தந்தி ஆபீஸில் குமாஸ்தா.
யாரும் படித்த தடயமே இல்லை,
சில தாள்கள் இன்னும் வெட்டாத மடிப்போடு.
ஏவுதளம் பாலாற்று மணலின் நடுவே.
'தண்ணீர் வராத ஆறு இதற்காவது ஆகட்டுமே' என்கிறார்.
நன்றாகத்தான் எழுதியிருக்கிறார் மனுஷன்.
ராக்கெட்டுக்குள் பெண்கள் கணக்குப் போடுகிறார்கள்,
கணக்கு தப்பென்று சண்டை போடுகிறார்கள்,
ஒருத்திக்கும் கல்யாணப் பேச்சில்லை.

ஆனால் தவளை இல்லை.
ஒரு பக்கத்திலும் இல்லை.
கப்பலை விட்டு இறங்கிய 'அது'
மண் அள்ளும் ஒரு யந்திரம்.

பதினாறு பக்கம் ஒரு ஃபாரம், நாலு ஃபாரம் அறுபத்து நான்கு.
ஏகாம்பரம் என்றொருவர் அப்போது
தீப்பெட்டி லேபிள் அச்சகத்தின் பின்கட்டில்
நூலகத்துக்கு பைண்டிங் செய்துகொண்டிருந்தார்.
கரண்ட் போன நாளாக இருக்கும்.
கிழிந்த இரண்டு புத்தகம், ஒரு கிண்ணம் பசை.
அவர்மேல் கோபப்பட முயன்றேன்,
வரவில்லை.

நூலகத்தில் போய்க் கேட்டேன். பதிவேட்டில் சிவப்பு மையில்
'கழிவு' என்று இருக்கிறது.
ஆக கமலவேணி கிடைத்துவிட்டாள்,
அந்த வாக்கியம்தான் இன்னும் முடியவில்லை.
அது முதன்முறையாக என்ன செய்தது?
பையன் போனிலிருந்து நிமிராமல் சொல்கிறான்:
"நுரையீரலால மூச்சு விட்டிருக்கும்மா. வேற இன்னா?"

சரியாகத்தான் இருக்கும்.

நவம்பரில் மூன்று நாள் விடாத மழை.
விருதம்பட்டுப் பாலத்தில் ஸ்கூட்டியை ஓரங்கட்டினேன்.
கீழே நாகபூஷணத்தின் ஏவுதளம்
இடுப்பளவு தண்ணீரில்.
இருட்டு முழுக்கத் தவளைச் சத்தம்,
யாரையோ வழியனுப்புவதுபோல், அல்லது
திரும்பி வந்துவிட்டதுபோல்.
மேகம் கிழிந்த இடத்தில் ஒரு வெளிச்சம்.
வியாழனா தெரியாது, விமானமாகவும் இருக்கலாம்.
பின்னால் லாரிக்காரன் ஹாரனை விடவே இல்லை.

ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினேன்.
காற்று இருந்தது,
கொஞ்சம் தோல்ஷாப்பு நாற்றத்தோடு.