கடன் என்று வருகிற வரி

விசுவமடுவுக்கு என்னை ஆறு மாதம் அனுப்பியிருக்கிறார்கள்,
கிரேக்கச் சொல் அட்டைகள் இருநூறும்
பிரேக் பிடிக்காத ஒரு சைக்கிளும் தந்து.
ஒரு கையால் ஓடுவேன், மறு கையில் அட்டை.
கிறவல் றோட்டில்
குழிக்கு ஒரு வினைச்சொல் மறந்துபோகும்.

பிரசங்கம் பன்னிரண்டு நிமிடம் என்றார் போதகர்.
வாய்க்கால் கட்டில் நின்று சொல்லிப் பார்த்தேன்,
ஒன்பதில் முடிந்துவிட்டது.
ஓர் எருமை கடைசிவரை கேட்டது.
பிறகுதான் கண்டேன், அதைக் கட்டையில் கட்டியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமைகளில்
ஆலயத்துக் கதிரைகளை லாண்ட்மாஸ்ரரில் ஏற்றி
தவமலர் அக்கா வீட்டு மாமரத்தடியில் இறக்குவோம்.
வீட்டு ஜெபம் பின்னேரம் ஐந்தரைக்கு.
கதிரையை அக்கா காலையிலேயே கேட்பா.
ஏனென்று மூன்றாம் கிழமைதான் விளங்கிற்று:
பத்து மணிக்கு லோன் கூட்டம்.
அதே மரம், அதே கதிரை, அதே பதினொரு பெண்கள்.
ஒருத்தி கட்டாவிட்டால் மற்றப் பத்துப் பேரும் கட்டவேணும்,
அதுவரை ஒருவரும் எழும்பக்கூடாது.
ஐக்கியம் என்ற சொல்லுக்கு
இவ்வளவு இறுக்கமான விளக்கம்
எங்கள் விரிவுரையில் வரவில்லை.

அக்கா எடுத்தது மாட்டுக்கான லோன்.
மாடு போன மாரியில் செத்துவிட்டது.
லோன் இன்னும் கிழமைக்குக் கிழமை கறக்கிறது.

அன்று பின்னேரம்,
எல்லாரும் சேர்ந்து சொல்லும் ஜெபத்தில்
கடன் என்று வருகிற வரி.
நான் கண்ணை மூடவில்லை. மூடியிருக்கவேணும்.
பிரபாஜினி உதட்டை மட்டும் அசைத்தாள்.
சிவமணி அக்கா தொண்டையைச் செருமினா.
தவமலர் அக்கா அந்தச் சொல்லில் குரலை உயர்த்தினா,
பரலோகத்துக்குக் கொஞ்சம் காது மந்தம் என்பதுபோல.
பிறகு ஆமென்.
பிறகு பிளேன்ரீ, ஆளுக்கொரு பனங்கட்டித் துண்டு.

இரவு அந்த அட்டையைத் தேடி எடுத்தேன்.
முன்பக்கம் ஒபெய்லேமா.
பின்பக்கம் என் கையெழுத்தில் ‘பாவம்’.
பரீட்சையிலும் அப்படித்தான் எழுதினேன், முழுப் புள்ளி.
மூலத்தில் அது வெறும் கடன்தான்,
கொப்பியில் எழுதிக் கணக்குப் பார்க்கிற கடன்.
வெட்டித் திருத்தப் பேனையைத் திறந்தேன்,
நுளம்புத் திரி கொளுத்த எழும்பினேன்,
அப்படியே விட்டுவிட்டேன்.

என்னைப் படிப்பிக்க அம்மா அடைவு வைத்த காப்பு
கிளிநொச்சி வங்கியில் கிடக்கிறது.
அழைப்பு இலவசம் என்று சாட்சி சொல்லும்போது
அந்தக் காப்பு இருந்த இடத்தில்
அம்மாவின் கை வெளிறிக் கிடப்பதை நான் சொல்வதில்லை.

லோன்காரப் பெடியனுக்கும் ஒரு பெயர் இருக்கிறது.
துஷியந்தன். ஊர் மீசாலை.
வியாழன் சைக்கிள் கடையில் கண்டேன்,
என் செயினுக்கு எண்ணெய், அவனுக்கு ரயர் ஒட்டு.
“மிஸ், நீங்கள் போதகம் படிக்கிற ஆள்தானே?
இந்த மாத ராகெற்றுக்கு இன்னும் நாப்பதாயிரம் கிடக்கு.
மோட்டச்சைக்கிளும் லீசிங்.
ஒருக்கா ஜெபியுங்கோ.”

நாப்பதாயிரமும் வரட்டும் என்று கேட்டால்
அது எந்த மரத்தடியிலிருந்து வரும் என்று எனக்குத் தெரியும்.
வரவேண்டாம் என்று கேட்க,
அவன் என் முன்னால் நிற்கிறான்,
கையில் கிறீஸ், கண்ணில் நித்திரை இல்லை.
ஆண்டவரே, இந்த ரயர், என்றேன்.
இந்த ரயர் மீசாலைமட்டும் போகட்டும்.
“அவ்வளவுதானா?”
இண்டைக்கு அவ்வளவுதான் தம்பி.
சிரித்தான். என்னுடைய எண்ணெய்க் காசையும்
தானே குடுத்துவிட்டுப் போனான்,
அறுபது ரூபாய்.
அதை எப்படித் திருப்புவது என்று
இன்னும் தெரியவில்லை.

மாத முடிவில் கள அறிக்கை அனுப்பவேணும்.
‘கற்றுக்கொண்டவை’ என்பதன் கீழே மூன்று கோடு.
கதிரைகள் பதினெட்டு,
ஒன்றின் கால் வெடித்திருக்கிறது,
என்று முதற்கோட்டில் எழுதினேன்.
மற்ற இரண்டும் வெறுமையாய்ப் போனால்
போதகர் கேட்பார்.
கேட்கட்டும்.
செவ்வாய் வரட்டும்.