மாதிரித் தாள்

அந்தக் கதை வேறொரு கோளில் நடந்தது.
அதனால்தான் என் மேசைக்கு வந்தது.
ராக்கெட், ரோபோ, பொடியன்கள் சமாச்சாரம்
எல்லாம் என் பங்கு.
ருமேனியா, யாஷ் நகரம்,
தணிக்கை அலுவலகம், மூன்றாம் மாடி.
கணப்புக்குக் கரி இல்லை.
சிவப்பு மசிக்குப் பஞ்சமே இல்லை.

கதையில் இரண்டு நிலாக்கள்,
ஒரே ஒரு அரசு.
ஆண்டுக்கொரு முறை எல்லோரும்
வரிசையில் நின்று
தம் குரலைப் பதிந்து கொடுக்க வேண்டும்.
பேச முடியாதவர்களுக்குத் தனி வரிசை;
அதுதான் நீளம்.
இருட்டில் யாரோ எதையோ முணுமுணுத்தால்
விடிவதற்குள்
சரியான கதவைத் தட்டுவார்கள்.

எழுதியவள் ஸ்மரந்தா ஹுஷானு,
பால்பண்ணையில் கணக்கெழுதுகிறவள்.

மேலிடத்துக்கு நான் அனுப்பவில்லை.
ஓரத்தில் எழுதினேன்:
"நம்பும்படி இல்லை.
எந்த அரசுக்கும் இவ்வளவு பொழுது கிடையாது."
திருப்பிவிட்டேன்.
ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்டதாக
அன்றிரவு எனக்கு நானே
பிளம் சாராயம் ஊற்றிக்கொண்டேன்.

பிறகு ஆணை வந்தது.
தட்டச்சுப் பொறி வைத்திருப்போர்
பொறியோடு நேரில் வரவும்.
மாதிரித் தாள் தரவும்:
எல்லா எழுத்துகளும், எல்லா எண்களும்,
காற்புள்ளி உட்பட.

பனி கொட்டுகிறது.
பதினான்கு கிலோ இரும்பைப்
போர்வையில் சுற்றி மார்போடு அணைத்து நிற்கிறேன்,
பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்தவன்போல.
எனக்கு முன்னால் ஒரு பாதிரியார்,
இரண்டு மாணவர்கள்,
மூக்கைச் சிந்திக்கொண்டே ஒரு வக்கீல்.
அவர்களுக்கும் முன்னால், பச்சைத் தலைக்குட்டையில்,
அவள்.
பெயர் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது.
ஒருமுறை திரும்பினாள். கண் என்மேல் பட்டு நகர்ந்தது.
அவளுக்கு என் முகம் தெரியாது,
கையெழுத்து மட்டும்தான்.

என் முறை.
"தட்டு" என்றான் காவலன்.
மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை அவனுக்கு.
தட்டினேன்.
தாளை விளக்கருகில் பிடித்தான்.
என் பொறியின் 'ர்'
இடது காலில் கொஞ்சம் உடைந்திருக்கிறதாம்.
இருபது வருடம் அதோடு குடித்தனம் நடத்தியும்
நான் கவனித்ததில்லை.
அவன் கவனித்தான். வட்டம் போட்டான்.
சிவப்பு மசி.
எங்கள் அலுவலகப் புட்டிதான்,
மூடியில் கீறல்கூட அதே கீறல்.

வெளியே நாலரை மணிக்கே இருட்டு.
ஸ்மரந்தா போய்விட்டிருந்தாள்;
படிக்கட்டில் அவள் பொறியை இறக்கி வைத்த இடம்
சதுரமாய்ப் பனியில் பதிந்திருந்தது.

நிமிர்ந்து எண்ணினேன்.
ஒரு நிலா.
ஒன்றுதான்.

காவல் நிலையக் கூரைக்குப் பின்னால்
இன்னொன்று எழுகிறதா என்று
கை மரத்துப் போகும்வரை
நின்றுகொண்டிருந்தேன்.