மேலதிக நடவடிக்கைக்காக

பதவி உயர்வுப் படிவத்தின் ஏழாம் நிரல்
‘கடமையாற்றிய இடங்கள், ஆண்டு வாரியாக’ என்று கேட்கிறது.
விட்டிருக்கும் இடம் நான்கு விரற்கடை.

மன்னம்பிட்டி, தொண்ணூற்றேழு.
எழுதியதும் பேனை நின்றுவிட்டது.
அங்கே ஒரு மண்ணெண்ணெய்க் குளிர்பெட்டி இருந்தது.
திரி அணைந்தால் தடுப்பூசி செத்துவிடும்.
புதியது வேண்டுமென்று
கார்பன் தாள் வைத்து மூன்று பிரதியில்
கடிதம் எழுதினேன்.
பதில் வரவில்லை.

நாளை நேர்முகத்தில் அந்தப் பேராசிரியர் கேட்பார்:
நோயாளரை விட்டு ஏன் நிர்வாகத்துக்கு வந்தீர்கள்?
போன தடவையும் கேட்டார்.
தலைமைத்துவம், தொலைநோக்கு என்று
மனனம் பண்ணியதை ஒப்புவித்தேன்.
தலையாட்டினார்.

நான் அந்தக் கடிதத்தின் பின்னால் வந்தவள்.
பொலன்னறுவையில் விசாரித்தேன்,
மாகாணத்துக்குப் போய்விட்டது என்றார்கள்.
மாகாணத்தில், கொழும்புக்கு.
கொழும்புக்கு வர முதுமாணி வேண்டுமாம்; படித்தேன்.
சிங்களத்தில் கோப்புக் குறிப்பு எழுதப் பழகினேன்.
டெங்கு கூடிய வருடம்
மகளின் சாமத்தியவீட்டுக்கு
அடுத்த நாள்தான் போய்ச் சேர்ந்தேன்.
மேசைக்கு மேசை அது முன்னே போக
நான் பின்னே போக
இருபத்தாறு வருடம்.
ஸ்டெதஸ்கோப் எந்த வீடு மாறும்போது தொலைந்ததோ.

கடைசி மேசை இதுதான்.
ஜன்னல் மருதானைப் பக்கம், பாலத்தடியில் ரயில் ஊதும்.
வந்த முதல் நாள் இழுப்பறையில் தேடினேன், சிரிக்காதீர்கள்.
முன்னிருந்தவர் கண்ணாடி துடைத்த துணியும்
இரண்டு பனடோலும் கிடந்தன.

இன்று காலை சோமரத்ன கொண்டுவந்த கட்டில்
புல்மோட்டையிலிருந்து ஒரு டொக்டர் இன்ஷாப்.
ஜெனரேட்டர் பற்றி. நான்காவது நினைவூட்டல்.
முந்திய மூன்றும் பின்னால் குத்தப்பட்டிருந்தன.
மூன்றிலும் ஒரே முத்திரை:
‘மேலதிக நடவடிக்கைக்காக’.
மூன்றிலும் என் கையெழுத்து.
யோகநிதியின் கடைசிச் சுழி
அவசரமேயில்லாமல், வடிவாக விழுந்திருக்கிறது.

சோமரத்ன மைப்பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு நிற்கிறார்.
கொஞ்சம் பொறுங்கோ என்கிறேன்,
தமிழில், அவருக்கு விளங்காது என்பதை மறந்து.
கடிதத்தின் அடியில் ஒரு கைப்பேசி இலக்கம்.
அழுத்துகிறேன்.

அடிக்கிறது. அடித்துக்கொண்டேயிருக்கிறது.
எடுக்கமாட்டார்.
இந்த நேரம் வார்ட்டில் நிற்பார்,
கை யாரோ ஒருவரின் வயிற்றின் மேல் இருக்கும்.

படிவத்தைத் தள்ளி வைத்துவிட்டு
திரும்ப அழுத்துகிறேன்.