நாலேகால் கிராம்

பதினேழு வருஷம் மண்டபத்தில்
நகைக்கடன் மேசையில் இருந்தேன்.
உரைகல்லில் ஒரு கோடு,
கோட்டின்மேல் ஒரு சொட்டு அமிலம்.
முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தேவையில்லாத வேலை.
காதிலிருந்து கழன்று வந்த சூடு மட்டும்
உள்ளங்கையில் கொஞ்சநேரம் கிடக்கும்.
ஆறுவதற்குள் தராசில் போட்டுவிடுவேன்.

நாற்பத்து மூன்றில் ராஜினாமா.
“பி.எஃப் பணத்தைப் போட்டு
மேலு பிடிச்சுவிடவா படிக்கப் போற?”
கேட்டார் சீனி இப்ராகிம், என் வீட்டுக்காரர்.
கேட்டவரே ராத்திரி
முழங்காலை நீட்டிக்கொண்டு வந்தார்.
பாடத்துக்கு ஒரு கால் வேண்டியிருந்தது.

ராமநாதபுரத்தில்
பேட்டரிக் கடைக்கு மேலே மாடி வகுப்பு.
சொல்லித்தரும் ஜெர்சனுக்கு இருபத்தாறு வயது.
“அக்கா, நீங்க தேடுறீங்க. தேடாதீங்க.
கைய வச்சுட்டு சும்மா இருங்க.
முடிச்சு தானா வந்து முட்டும்.”
சும்மா இருக்கவா பதினெட்டாயிரம் கட்டினேன்
என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தேன்.
முதல் மாதம் கட்டைவிரல் வீங்கி
பால் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தேன்.
எலும்புப் பெயர்களை
மாவாட்டும்போது உரக்கச் சொன்னேன்.
கிரைண்டருக்கு எல்லாம் தெரியும் இப்போது.

கச்சான் காற்று கடலைக் கலக்கிய ஒரு வாரம்.
பாசி எடுக்கும் பெண்கள் கரையில் நின்றுவிட
சின்னப்பாலத்தில் முகாம் போட்டோம்.
பாயில் குப்புறப் படுத்தார் இன்னாசியம்மாள்.
விரல்நுனிகளில் துணி சுற்றிய தடம்,
பாதத்தில் பாறை கிழித்த பழைய கோடுகள்.

படிவத்தில் ஒரு கேள்வி:
வலி, ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு?
“பத்துன்னா எம்புட்டு?”
தெரியவில்லை எனக்கு.
“அலை தூக்கிப் பாறையில அடிச்ச அன்னிக்கு
பத்துன்னு வச்சுக்க.
இது அன்னாடம் இருக்குறது.
அன்னாடத்துக்கு நம்பர் இருக்கா?”

வலது தோளில் கை வைத்தேன்.
“சில்லுன்னு இருக்கு. தேச்சுக்கிட்டு வை.”
தேய்த்துக்கொண்டு வைத்தேன்.
அப்போதுதான் காதைப் பார்த்தேன்.
இழுபட்டு நீண்ட துளையில் ஓர் ஈர்க்குச்சி.
முகம் மறந்துபோகும் எனக்கு,
எடை மறக்காது.
நாலேகால் கிராம், அழுக்குக் கழித்து.
ஏலப் பட்டியலில்
மதிப்பீட்டாளர் என்ற இடத்தில்
என் கையெழுத்து.

தேடவில்லை. சும்மா இருந்தேன்.
தோள்பட்டைக்குக் கீழே
புளியங்கொட்டை அளவில் ஒன்று
வந்து முட்டியது.

பாய்க்குள் புதைந்த வாயால் கேட்டார்:
“பேங்குல இருந்த புள்ளதான நீ?”

ஆமாம்.

“படியேறி வர்றப்பவே பாத்தேன்.”

வெளியே யாரோ ஐஸ்பெட்டியை இழுத்துப் போனார்கள்.
மணலில் அது உராயும் சத்தம்
ரொம்ப நேரம் போய்க்கொண்டே இருந்தது.
கையை எடுக்கவா என்று
கேட்கவும் வரவில்லை எனக்கு.

“இன்னும் கொஞ்சம் கீழ,” என்றார்.