பூச்சியம் பாகை

கண்டி ஆஸ்பத்திரியில்
இயன்மருத்துவர் கேட்டது ஒரே ஒரு எண்:
பூச்சியம்.
"கத்தி வைப்பதற்கு முன்னால்
முழங்கால் முழுசாக நீளணும்.
இப்ப பன்னிரண்டு பாகை குறையுது."

அந்தப் பன்னிரண்டு பாகையை
பஸ்ஸின் இடைவழியில் நீட்டிக்கொண்டு வந்தேன்.
கண்டக்டர் இரண்டு தரம் தடுக்கினான்.
ஹட்டனில் இறங்கி ஓட்டோ.
பிறகு லயத்துக்கு எழுபத்தொரு படி,
உட்கார்ந்தபடியே, பின்பக்கமாக.

நோர்வூட் மைதானத்தில்
கரப்பந்தாட்டத்தின் கடைசிப் புள்ளிக்குக் குதித்தபோது
'டப்' என்றது.
பந்து என்றுதான் நினைத்தார்கள்.
நானும்தான்.

தேயிலை ஆலையில் மோட்டார் கட்டுகிற கைக்கு
சும்மா இருக்கத் தெரியாது.
உடைந்த அலுமாரியின் கதவு சறுக்குப் பலகை;
சிவப்புப் பொலிஷ் தேய்த்தேன், குதிகால் வழுக்க.
பி.வி.சி. குழாயை நெடுக்காக அறுத்து
ஸ்பொஞ் ஒட்டினால் குதிகால் முட்டு.
நிலையில் ஒரு கப்பி.
கயிறு ஆட்டினுடையது.
ஆடு இப்போது என் பழைய சீலையில் நிற்கிறது.

வினோதரூபி பாகைமானியைத் தந்தாள்,
தவணைப் பரீட்சைக்கு முன் திருப்பித் தரும் ஒப்பந்தத்தில்.
அதில் நூல் கட்டி ஒரு நட்டைத் தொங்கவிட்டு
முதலில் நல்ல காலை அளந்தேன்.
அதுவே மூன்று பாகை கோணல்.
கழற்றினேன். பூட்டினேன்.
மறுபடியும் மூன்று.

மோகனதாஸ் ரசமட்டம் இரவல் வாங்கி வந்து
காம்பராத் தரையில் வைத்தான்.
குமிழி நகர்ந்து
மலைப்பக்கச் சுவரோரம் போய் நின்றது.
"அதான் சோறு எப்பவும் ஒரு பக்கமாப் பொங்குது"
என்றான்.
பலகையின் ஒரு காலுக்கடியில்
பிஸ்கட் தகர மூடி.

பக்கத்துக் காம்பரா அந்தோனியம்மா
இஸ்தோப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.
பதினோரு வருஷத்துக்கு முன்
மழையில் கொழுந்துச் சாக்கோடு விழுந்தவள்.
பத்து நாள் லீவு, ஒரு போத்தல் எண்ணெய்,
வைத்தியம் முடிந்தது.

"நானும் ஒருக்கா வெச்சிப் பாக்கவா?"

வைத்தாள். நூல் நடுங்கி நின்றது.
இருபத்துநான்கு.
"எவ்வளவு வரணும்?"
நான் ஸ்பொஞ்சைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தேன்.
அவள் பலகையைத் தடவி
"நல்லா வழுக்குதே" என்றாள்.

இப்போது ஏழு மணிக்கு நான்,
ஏழரைக்கு அவள்.
கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
வினோதரூபி இரண்டு வரிசை எழுதுகிறாள்.
என்னுடையது: பன்னிரண்டு, ஒன்பது, ஒன்பது, ஆறு.
அவளுடையது: இருபத்துநான்கு, இருபத்துநான்கு,
இருபத்துநான்கு, இருபத்துமூன்று.

அந்த இருபத்துமூன்றைப்
பிள்ளை இரண்டு தரம் அளந்தாளாம்.