குறுக்கு

மவுஸின் ஒயரை எலி கடித்துப் போட்ட அன்று
வெளியே புல்லெல்லாம் வெள்ளை.
உறைபனி விழுந்த மூன்றாம் நாள்.
பச்சை இலை வரத்து பாதியாகியும்
சீட்டுகள் குறையவில்லை.
ஐம்பது கிலோ போட்டவர் இருபது போட்டாலும்
சீட்டு ஒன்றுதானே.

கோயம்புத்தூரிலிருந்து தினகர் போனில் சொன்னார்:
"மவுஸ் எதுக்குங்க மேடம்,
கேள்விக்குறிய அமுக்கிப் பாருங்க."
அமுக்கினேன்.
திரை நடுவே ஒரு கறுப்புப் பெட்டி.
நாலு வருஷமாய் உள்ளேயே இருந்திருக்கிறது,
நான் கேட்காததால்
சொல்லாமல்.

ஜே கீழே. கே மேலே.
எக்ஸ் தொட்டால் வரிசைக்கு ஒரு டிக்.
ஏ, ஒப்புதல்.
ஜி தட்டி, மூச்சு விடுமுன் டி தட்டினால்
எங்கே தொலைந்திருந்தாலும்
இன்றைய எடைப் பக்கத்தில் கொண்டுவந்து விடும்.
"எல்லாமே குறுக்குவழிங்க" என்றார்.
ஸ்பீக்கரில் ழகரம் நசுங்கி வந்ததில்
எடைமேடையிலிருந்து ஸ்டெல்லா கத்தினாள்:
"யாருக்குக் குறுக்குவலி?
எனக்கிருக்கு, காலையில இருந்து."

இடது கை சால்வைக்குள் சூடாக இருக்க
வலது கையில் இரண்டு விரல் போதுமாயிருந்தது.
பத்து நாளில் எனக்கு முன்பே
விரல்களுக்குத் தெரிந்துவிட்டது.
ஜேஜே என்று வரிசைகள் இறங்கும்,
ஹெத்தை ஹப்பத்துக் கூட்டம் மாதிரி.
யார் முகமும் தெரியாது, நகர்வது மட்டும் தெரியும்.
ஐந்து இருபது பஸ்ஸை
அந்த மாதம் முழுக்க நான் விடவில்லை.
புது மவுஸ் வந்தது. அட்டைப்பெட்டியை
யாரும் பிரிக்கவில்லை.

மாசியில் ஒரு மழை, யாரும் எதிர்பாராதது.
மேனேஜர் கதவிடுக்கில் தலை நீட்டினார்:
"ஈர இலை. எல்லாருக்கும் நூத்துக்கு எட்டு பிடிச்சிடுங்க."
ஸ்டார் தட்டினால் அத்தனை வரிசைக்கும் டிக்.
ஈ தட்டினால் ஈரப்பிடித்தம்.
நூற்றுநாற்பத்துமூன்று பேருக்கு
இரண்டு தட்டு.
தட்டிய கை டீ கிளாஸுக்குப் போனது.

அப்போதுதான் கண்ணில் பட்டது
எண்பத்தேழாம் வரிசை:
ஹா. போஜன், முப்பத்தொரு கிலோ.

பன்னிரண்டு மணிக்கு வந்தவர்.
மழைக்கோட்டைக் கழற்றிச் சாக்குக்குப் போட்டுவிட்டு
தான் சொட்டச் சொட்ட
எடைமுள்ளையே பார்த்துக்கொண்டு நின்றவர்.
இரண்டரைக் கிலோ போகும் அவருக்கு.
அந்தக் காசுக்குக் கால் கிலோ வர்க்கி வரலாம்,
வராமலும் போகலாம்.

திரையின் அடியில் மஞ்சள் பட்டை:
திரும்பப் பெற இசட். பத்து. ஒன்பது.
இசட் இருப்பதோ இடது ஓரம்.
இடது கையோ சால்வைக்குள்.
வளையலில் கம்பளி நூல் மாட்டிக்கொண்டது.
ஐந்து. நாலு.
வலது கையில் டீ, எங்கே வைப்பது, சீட்டுக் கட்டின் மேலேயா,
இரண்டு.
மூக்கால் தட்டியிருந்தாலும் தட்டியிருப்பேன்.
விரலால்தான் தட்டினேன். மேசையெல்லாம் டீ.

எல்லாம் பழையபடி.
இப்போது ஒவ்வொருவராய்.
ஜே. நின்றேன். இது நனைந்ததா?
ஜே. நின்றேன்.
பாதிப் பேரை எனக்கு ஞாபகமில்லை,
அதுவும் உண்மை. அவர்களுக்கு எட்டு பிடித்தேன்.
போஜனுக்கு மட்டும் விலக்கு.
விலக்குக்கு எழுத்து எதுவும் ஒதுக்கவில்லை தினகர்.
டாப், டாப், டாப், பதினோரு முறை.
பிறகு ஒரு கட்டம்: காரணம்.

"சாக்கு நனையவில்லை."

போதாதாம்.
இருபது எழுத்தாவது வேண்டுமென்று சிவப்பாகச் சொன்னது.

"சாக்கு நனையவில்லை. ஆள் நனைந்திருந்தார்."

ஏற்றுக்கொண்டது.

பஸ் போயிருந்தது.
ஸ்டெல்லா இடுப்பில் கை ஊன்றிக் காத்திருந்தாள்.
தோட்டத்துக்குள் இறங்கினால் இருபது நிமிஷம்.
காட்டுமாடு நிற்கிறதாம், கன்றோடு.
ரோட்டோடு நடந்தோம்,
ஒவ்வொரு வளைவாக.