ங அட்டை

பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி
வெள்ளை முதுகில் மார்க்கரால் எழுதினேன்.
பதினெட்டுப் பிள்ளைகள், பதினெட்டு மெய்.
பதிவேட்டு வரிசைப்படி
சட்டைக்கு ஒன்றாக ஊக்கு குத்தியாயிற்று.
முனிச்சாலை மாநகராட்சிப் பள்ளி, ஒன்றாம் வகுப்பு,
தை மாதத்துக் கடைசிப் பீரியட்.

ஆட்டம் இவ்வளவுதான்:
நான் ஒரு சொல் சொல்வேன்.
அது எந்தச் சத்தத்தில் தொடங்குகிறதோ
அந்தச் சட்டை
சாக்பீஸ் வட்டத்துக்குள் ஓடிவர வேண்டும்.

"கத்தரிக்கா" என்றேன். யுவஸ்ரீ எழுந்தாள்.
வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவள்,
நாலு க தெரிந்த வாய்.
"எந்த க டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்தாள்.
பதில் என்னிடம் இல்லை. "மல்லி" என்றேன்.
"தட்டு" என்றேன்.
"பஸ்" என்றதும் அப்சல்
ஹாரன் அடித்தபடி வட்டத்தைத் தாண்டிப் போய்
பீரோவில் இடித்து நின்றான்.

பாதி ஆட்டத்தில்தான் பார்த்தேன் தவசிவேலை.
ஒரு காலை முன்னால் வைத்து,
முட்டி மடக்கி,
என் வாயையே பார்த்துக்கொண்டு.
நெஞ்சில் ங.

ணவும் ளவும் றவும் ழவும் னவும்
அவனைப் போலத்தான்,
எந்தச் சொல்லுக்கும் தலையாக முடியாதவை.
ஆனால் அந்த ஐந்தும் எப்போதோ
சுவரில் சாய்ந்து கதை பேச ஆரம்பித்துவிட்டன.
இவன் மட்டும் அந்த ஒற்றைக் காலை
பின்னால் எடுக்கவே இல்லை.
நான் மூச்சு இழுக்கும்போதெல்லாம்
அவனும் இழுத்தான்.

தேடினேன்.
இருபத்திரண்டு வருஷச் சர்வீஸ்,
இரண்டு பட்டம், ஒரு டிப்ளமோ,
ஒரு சொல் கிடைக்கவில்லை.
அட்டையை மாற்றிக் கொடுத்துவிடலாமா?
முன்னே வைத்த அந்தக் காலை
நான் எப்படிப் பார்ப்பது?

அப்போது தெருவில் ஒரு தள்ளுவண்டி.

"பனங்கெளங்கேய்… பனங்கெளங்கு!"

அப்சல் ஓடினான். சரி, அது ப.
அவன் பின்னாலேயே தவசிவேலும் ஓடினான்,
வட்டத்துக்குள் வந்தான், வெளியே போனான்,
திரும்பவும் ஓடிவந்தான்.

"டேய், கெளங்கு கேக்குதா உனக்கு? போய் நில்லு."

"என்னைத்தான் கூப்டாங்க டீச்சர்.
ரெண்டு தடவ."

சொல்லி முடித்ததும் கண் விரிந்தது.
தன் வாயிலேயே தான் இருந்ததை
அப்போதுதான் கேட்டிருக்கிறான்.
"இப்பக்கூட!" என்று
மூன்றாம் முறையும் குதித்தான்.

அதற்குள் இன்னொரு பஞ்சாயத்து.
தெருக்காரர் கூப்பிட்டது என்னை என்கிறாள் ள.
எழுதினா நான்தான் வருவேன் என்கிறான் ழ,
அக்கா சொல்லிக் கொடுத்திருக்கிறாளாம்.
தீர்ப்புச் சொல்ல வேண்டிய என் நாக்கும்
இந்த ஊர் நாக்கு.
இரண்டு பேரையும் வட்டத்துக்குள் விட்டேன்.

பிறகு ஆட்டம் என் கையில் இல்லை.
தலை மட்டும் போதாது என்று ஆகிவிட்டது.
"தங்கச்சி" என்றாள் யுவஸ்ரீ,
"சங்கு", "நொங்கு", "கொரங்கு" என்றார்கள்.
அவன் ஓடிய ஒவ்வொரு தடவையும்
கூடவே அவளும் ஓடினாள்.
ஒரு கட்டத்தில் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.
நான் சொல்லித்தரவில்லை.

கூச்சல் கேட்டுத் தலைமையாசிரியை
அற்புதமேரி மேடம் எட்டிப்பார்த்தார்.
"டீச்சர், கொஞ்சம் சத்தத்தக் கொறைங்க."
தவசிவேல் ஓடினான்.
"என்னங்க இது?"
மறுபடியும் ஓடினான்.
மேடம் என்னைப் பார்த்தார்,
நான் பீரோவைப் பார்த்தேன்.

மணி அடித்தது.
ஊக்குகளை எண்ணி டப்பாவில் போட்டேன், ஒன்று குறைந்தது.
"சரி, எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

பதினேழு பேர் வாசலுக்கு ஓட,
ஒருத்தன் மட்டும்
அழிந்துபோன வட்டத்துக்குள்
வந்து நின்றான்.